தவறான விடை காட்டும் வழி

நண்பர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கணக்கு. 2 ஓம், 3 ஓம் மதிப்புள்ள இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்க்கிறோம். மொத்த மின்தடை எவ்வளவு?

தலைகீழ் மதிப்புகளைக் கூட்டவேண்டும். 1/2 + 1/3 = 5/6. அதைத் தலைகீழாக்கினால் 6/5, அதாவது 1.2 ஓம்.

என்னிடம் படித்த முதலாண்டு மாணவர் ஒருவர் இதற்கு 2.5 ஓம் என்று விடை எழுதினார். பக்க இணைப்பில் மொத்த மின்தடை, இரண்டில் சிறியதைவிடவும் குறைவாகத்தானே இருக்கவேண்டும்? அவருக்கு மின்னியல் புரியவில்லை என்று முடிவு செய்து, பாடத்தை முதலிலிருந்து விளக்கினேன். அடுத்த தேர்விலும் அதே தவறு. மீண்டும் விளக்கினேன். பயனில்லை, அந்தப் பருவத் தேர்வில் அவர் தேறவில்லை.

பிறகு ஒருநாள் அவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வரியாக எழுதச் சொன்னேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினார்! மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ள எண்களைத் தனியாகவும் கூட்டிவிட்டார். மின்னியல் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, சிறு வகுப்பில் படித்த பின்னக் கணக்கு! அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சிறு ஓட்டையை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்பு அவருக்குக் கற்பித்தவர்களும் பார்க்கவில்லை.

ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தாலும் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்க இயந்திரங்கள் உதவுமா? இது ஏறக்குறைய நூறாண்டுப் பழமையான கேள்வி.

வேகம் வேறு, பாதை வேறு

1920-களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரஸ்ஸி என்ற உளவியல் அறிஞர் ஒரு கருவி அமைத்தார். அதன் சிறு சாளரத்தில் ஒரு வினாவும் நான்கு விடைகளும் தோன்றும். பக்கத்தில் நான்கு பொத்தான்கள். சரியான பொத்தானை அழுத்தும்வரை அடுத்த வினா வராது.

1953-இல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற மற்றோர் உளவியல் அறிஞர், தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றார். சில பிள்ளைகள் கணக்கை முடித்துவிட்டுச் சும்மா இருந்தனர். சிலர் வழி தெரியாமல் திணறினர். தம் விடை சரியா, தவறா என்பது அங்கேயே எவருக்கும் தெரியவில்லை. இது ஸ்கின்னரை உறுத்தியது. சில நாட்களிலேயே ஓர் இயந்திரம் செய்தார். பாடத்தை மிகச் சிறு படிகளாகப் பிரித்தார். மாணவர் விடையை எழுதியதும், சரியான விடை உடனே கண்முன் வரும். விரைவாகப் படிப்பவர் விரைந்து போகலாம். மெதுவாகப் படிப்பவர் மெதுவாகப் போகலாம்.

ஆனால் இங்கே ஒரு குறை உண்டு. வேகம்தான் மாறுகிறது, எல்லாருக்கும் பாதை ஒன்றே. 1950-களின் இறுதியில் நார்மன் கிரவுடர் என்பவர் இதை மாற்றினார். அவர் முறையில், தவறான ஒவ்வொரு விடையும் மாணவரை வெவ்வேறு பக்கத்துக்கு அனுப்பும். 2/5 என்று சொன்னவருக்கு ஒரு விளக்கம்; 1/5 என்று சொன்னவருக்கு வேறொரு விளக்கம். தவறு என்பது குற்றமாக இல்லாமல் ஒரு கைகாட்டி ஆகிவிட்டது!

1960-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரும் அவருடைய குழுவினரும் 'பிளேட்டோ' என்ற அமைப்பைத் தொடங்கினர். அதில் இந்த வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. வகுப்புக்குத் தெளிவான திரை வேண்டுமே என்று தேடியபோது, 1964-இல் அங்கே பிறந்ததுதான் பிளாஸ்மா திரை. வாயு நிரம்பிய நுண்ணறைகள் ஒருமுறை ஒளிரத் தொடங்கினால், அணைக்கும்வரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்த பிளாஸ்மா தொலைக்காட்சியின் முன்னோர் இந்த வகுப்பறைத் திரையே.

ஆறு கேள்விகள்

நீங்கள் நிற்கும் இடத்தைக் கணிப்பொறி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு பாடத்தில் எளிதிலிருந்து கடினம்வரை 64 படிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சோதிக்க 64 கேள்விகள் தேவையா? இல்லை. முதலில் நடுப்படியில் ஒரு கேள்வி. சரியென்றால் மேல்பாதி, தவறென்றால் கீழ்ப்பாதி. எஞ்சியதை மீண்டும் பாதியாக்கவேண்டும். 64, 32, 16, 8, 4, 2, 1. ஆறே கேள்விகள் போதும்!

ஆனால் தெரிந்த கணக்கையே நாம் சில வேளை தவறாகப் போடுகிறோம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும், சரியாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே நல்ல நிரல்கள் ஒரே விடையை நம்பிவிடுவதில்லை. ஒவ்வொரு விடைக்கும் பிறகு, 'இவர் இந்தப் படியில் இருக்க வாய்ப்பு எவ்வளவு' என்ற மதிப்பைக் கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொள்கின்றன.

தில்லியில் ஒரு சோதனை

இது உண்மையில் பயன் தருமா? 2015-இல் தில்லியில், பெரும்பாலும் 6 முதல் 9-ஆம் வகுப்புவரை படித்த 619 மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்தனர். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நான்கரை வகுப்பு! குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மாலைநேர மையத்தில் இடம் கிடைத்தது. அங்கே 45 நிமிடம் கணிப்பொறியில் அவரவர் நிலைக்கேற்ற பாடம். 45 நிமிடம் சிறு குழுவாக ஒருவரிடம் பயிற்சி.

நான்கரை மாதங்களில் இவர்கள் கணக்கில் மற்றவர்களைவிட இருமடங்குக்கு மேல் முன்னேறினர். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் என்னை வருத்திய செய்தி வேறொன்று. மையத்துக்கு வராதவர்களில் மிகவும் பின்தங்கியிருந்த மூன்றில் ஒரு பங்கினரிடம், அந்த மாதங்களில் முன்னேற்றமே தென்படவில்லை. நாள்தோறும் பள்ளி நடந்துகொண்டுதான் இருந்தது. பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. என் மாணவர் நினைவுக்கு வந்தார்.

செய்து பாருங்கள்

பழைய அஞ்சலட்டைகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அட்டையில் '1/2 + 1/3 எவ்வளவு?' என்று எழுதி, மூன்று விடைகள் கொடுங்கள். '5/6 என்றால் அட்டை 4-க்குச் செல்க. 2/5 என்றால் அட்டை 7-க்குச் செல்க. 1/5 என்றால் அட்டை 9-க்குச் செல்க' என்று குறியுங்கள். அட்டை 7-இல் தோசையை வரைந்து, அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அது அரையைவிடக் குறையுமா என்று கேளுங்கள். 2/5 அரையைவிடச் சிறியதல்லவா? மற்ற அட்டைகளையும் இவ்வாறே நிரப்பித் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துப் பாருங்கள்.

சரியான விடையை எழுதுவது எளிது. எந்தெந்தத் தவறு வரும், அது ஏன் வரும் என்று நினைத்துப் பார்ப்பதுதான் கடினம். அதை யாராவது முன்கூட்டி யோசித்து வைத்தால்தான் அட்டையும் பேசும், கணிப்பொறியும் பேசும்.

இனி உங்கள் விடைத்தாளில் சிவப்புக் குறியைப் பார்த்தால், மடித்து வைத்துவிடாதீர்கள். எந்த வரியில் தவறினோம் என்று தேடுங்கள். தெரியவில்லையென்றால் அந்த வரியோடு ஆசிரியரிடம் போய் நில்லுங்கள். என் மாணவரும் நானும் அதைச் சற்று முன்பே செய்திருந்தால், ஒரு பருவம் வீணாகியிருக்காது.