லேசர் கதிரும் கண்ணாடியின் உட்பிரிவும்

நெல்லூருக்கும் திருப்பதிக்கும் இடையே, கூடூரைச் சூழ்ந்த பகுதியில் கிடைக்கும் வெண்மணல் சிலிக்கா மிகுந்தது; கண்ணாடித் தொழிலுக்கு ஏற்றது. அம்மணல் மணலாகவே லாரிகளில் வெளியூர் ஆலைகளுக்குச் செல்கிறது. திருப்பதியிலோ, 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை, அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடிகள் ஒளியை எவ்வாறு உறிஞ்சுகின்றன, எவ்வாறு உமிழ்கின்றன என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளது. மண் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம். இவ்விரண்டும் சந்திக்கக்கூடிய ஓர் இடம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது.

மார்கழிக் குளிரில் நெய் ஜாடியைத் திறந்து பார்ப்பவர் அறிவர்: சூட்டில் ஒரே திரவமாக இருந்த நெய், வெண்மணிகளாகவும் அவற்றினிடையே தெளிந்த எண்ணெயாகவும் பிரிந்து நிற்கும். கண்ணாடியிலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. மணலையும் சோடியம், போரான் சேர்மங்களையும் கடுஞ்சூட்டில் உருக்கினால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. விரைவாகக் குளிர்வித்தால் அக்கலப்பு அப்படியே உறைந்து நிற்கும். அதை மீண்டும் 500 அல்லது 600 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால், அணுக்கள் நகர்வதற்கு இடம் பெறுகின்றன. சிலிக்கா ஒரு பக்கமும், போரானும் சோடியமும் மறு பக்கமுமாக ஒதுங்குகின்றன. நெய்யில் தோன்றுபவை படிகங்கள். இங்கே பிரிந்த இரண்டும் கண்ணாடிகளே. சில கலவைகளில் ஒன்று மற்றொன்றினுள் துளிகளாக நிற்கும். வேறு சிலவற்றில் இரண்டும் கடற்பஞ்சின் இழைகளைப் போல் பின்னிக் கிடக்கும். இதனை நிலைமைப் பிரிவு என்பர்.

பொதுவாகக் கண்ணாடி செய்வோருக்கு இது பகை. கண்ணாடி மங்கும், நீரையும் அமிலத்தையும் தாங்கும் ஆற்றல் குன்றும். அணுக்கழிவைக் கண்ணாடியில் உறைய வைக்கும்போது சல்பேட் தனியே பிரிந்தால், சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள்களையும் உடன்கொண்டு நீரில் கரைந்துவிடும். டிராம்பேயில் பேரியம் சேர்த்த போரோசிலிக்கேட் கண்ணாடியைக் கையாண்டது இதைத் தவிர்ப்பதற்காகவே.

இப்பகையை நட்பாக்கியவர்கள் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஹூட், நார்ட்பெர்க் என்னும் இருவர். 1930களில் அவர்கள் பிரிந்த கண்ணாடியைச் சூடான அமிலத்தில் இட்டனர். போரான் மிகுந்த பகுதி கரைந்து வெளியேற, நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா எஞ்சியது. அதை மேலும் சூடாக்கித் துளைகளை மூடியபோது ஏறத்தாழ 96 விழுக்காடு சிலிக்கா கொண்ட, வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடி கிடைத்தது. வைகார் என்பது அதன் வணிகப் பெயர்.

உலை முழுத் துண்டையும் சூடாக்கும். லேசர் கதிரோ நாம் குறித்த இடத்தை மட்டும் சூடாக்கவல்லது. கரியமிலவாயு லேசரின் கதிரைக் கண்ணாடியின் மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்வதால் மாற்றம் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆழத்தில் மாற்றம் வேண்டுமாயின் வேறு உத்தி தேவை. ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. சில நூறு ஃபெம்டோ விநாடிகளே நீடிக்கும் துடிப்புகளைக் கண்ணாடியினுள் குவித்தால், குவியத்தில் மட்டும் ஆற்றல் உறிஞ்சப்படுகிறது. வழியிலுள்ள கண்ணாடிக்கு ஊறில்லை. துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால், முந்தைய வெப்பம் பரவுமுன் அடுத்தது சேர்ந்து அவ்விடம் உருகுகிறது. மையத்திற்கும் விளிம்பிற்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் சிலிக்கான் உள்நோக்கியும், சோடியம், கால்சியம் முதலியன வெளிநோக்கியும் நகர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். இத்தகைய லேசரால் கண்ணாடிக்குள் ஒளிவழிகள் வரையலாம் என்பதை ஹிராவோ குழுவினர் 1996இலேயே காட்டியிருந்தனர்.

ஃபெம்டோ விநாடி லேசர் விலை மிக்கது. நமக்கு அணுக்கமானது இன்னொரு வழி. ஜப்பானின் நகஓகா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் சமாரியம் என்னும் அருமண் தனிமத்தைச் சிறிதளவு சேர்த்த கண்ணாடியில் 1064 நானோமீட்டர் அலைநீள லேசரைப் பாய்ச்சினர். சமாரிய அயனிகள் ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்ற, கதிர் சென்ற தடத்தில் படிகக் கோடு தோன்றியது. தோன்றியது படிகமே ஆயினும், குறித்த இடத்தை மட்டும் சூடாக்கும் இவ்வழி நிலைமைப் பிரிவுக்கும் பொருந்தும். எந்த அயனி எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சும் என்பதே இதன் அடிப்படை. அது திருப்பதி ஆய்வாளர்களுக்குப் பழகிய கணக்கு. சமாரியத்தைத் தரும் மோனசைட் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ளது. நியோடிமிய லேசரும் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. காதங்கியிலுள்ள வளிமண்டல ஆய்வுக்கூடம் 1998 முதல் அதைக் கொண்டு வானத்தை அளந்து வந்துள்ளது.

சித்தூர் வட்டாரம் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி ஏற்றுமதி செய்யக் கற்றது. விவசாயிக்குச் சேரும் விலை போதுமா என்பது வேறு வழக்கு. ஆயினும் பழம் கூழாகும்போது உள்ளூரில் வேலையும் மதிப்பும் கூடுகின்றன. மணலுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஆனால் மிகையாக எதிர்பார்ப்பதற்கில்லை. லேசர் புள்ளி புள்ளியாகவே வேலை செய்வதால் சன்னல் கண்ணாடிக்கோ சீசாவுக்கோ உதவாது. இரத்தத் துளியைச் சோதிக்கும் நுண்கால்வாய்த் தகடு, உணர்கருவி, ஒளியியல் உறுப்பு ஆகியவையே இதற்கு உரியவை. அவற்றுக்கு வேண்டும் மணலின் அளவும் சொற்பம்; மதிப்பு கைத்திறனில்தான் உள்ளது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். அமிலத்தில் கரைந்து வெளியேறும் போரான், அளவு மீறினால் பயிருக்கு நஞ்சு. ஆழ்துளைக் கிணறுகளை நம்பி மா வளர்க்கும் இம்மண்ணில், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை ஆய்வுக்கூட நிலையிலேயே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.