திருநள்ளாறு மேல சாட்டிலைட் 3 விநாடி நிக்குதா? ஒரு வீடியோவை நாம் ஏன் நம்புகிறோம்?

சனிப்பெயர்ச்சி நெருங்கினாலே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும். கம்பீரமான ஒரு குரல், பின்னணியில் உடுக்கைச் சத்தம், ஸ்க்ரீனில் சுழலும் பூமி உருண்டை. 'திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது மட்டும் எந்த நாட்டு சாட்டிலைட்டாக இருந்தாலும் 3 விநாடி ஸ்தம்பித்துவிடும், நாசாவே ஆடிப்போய்விட்டது' என்பதுதான் அதன் சாரம். சில வெர்ஷன்களில், சனி கிரகத்தில் இருந்து கருநீலக் கதிர்கள் வேறு நேராகக் கோயில் மீது வந்து விழும்.

முதலில் டெக்ஸ்ட் ஃபார்வர்டாகச் சுற்றியது, பிறகு யூடியூப் வீடியோ, இப்போது ரீல்ஸ். இன்ஜினீயரிங் படித்தவர்களும் ஷேர் செய்கிறார்கள் என்பதால், 'விவரம் தெரியாதவங்க நம்புறாங்க' என்று கடந்துபோக முடியாது. இது உண்மையா, உண்மை இல்லை என்றால் நம்மை நம்ப வைத்தது எது? இந்த இரண்டாவது கேள்விக்கான பதில், ஓடிடியில் நாம் பார்க்கிற 'உண்மைச் சம்பவம்' படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும்கூட உதவும்.

போனிலேயே செக் பண்ணலாம்

பூமிக்கு மேலே சுமார் 400 கி.மீ உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28,000 கி.மீ. அதாவது 3 விநாடியில் 23 கி.மீ தாண்டிவிடும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், காரைக்காலில் இருந்து நாகப்பட்டினத்துக்கு 3 விநாடியில் போய்விடலாம்.

இந்த வேகத்தில் போகிற ஒன்று திடீரென நின்று, மறுபடியும் அதே வேகத்தை எடுத்தால் என்ன ஆகும்? பஸ்ஸில் சடன் பிரேக் போட்டாலே நாம் முன் சீட்டில் போய் இடித்துக்கொள்கிறோம். 2000 நவம்பரில் இருந்து அந்த நிலையத்தில் மனிதர்கள் தொடர்ந்து தங்கியிருக்கிறார்கள். உண்மையிலேயே அது நின்றிருந்தால், முதல் தடவையே உள்ளே யாரும் மிஞ்சியிருக்க முடியாது.

சாட்டிலைட் கீழே விழாமல் இருப்பதற்குக் காரணமே அந்த வேகம்தான். பூமி அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதுவோ பக்கவாட்டில் அத்தனை வேகமாக ஓடுவதால், விழுந்துகொண்டே பூமியைச் சுற்றி வருகிறது. வேகம் போனால் சுற்றுப்பாதையும் போய்விடும்.

'டிவி சாட்டிலைட் எல்லாம் ஒரே இடத்துலதானே நிக்குது?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சுமார் 36,000 கி.மீ உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் அவை நிற்பதுபோலத் தெரிகின்றன. ஆனால், அப்படி நிற்பதுபோல் தெரிவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே மட்டும்தான் சாத்தியம். திருநள்ளாறு இருப்பது அதற்கு வடக்கே கிட்டத்தட்ட 11 டிகிரியில்.

இன்னும் எளிய டெஸ்ட் உங்கள் மேப்பிலேயே இருக்கிறது. ஜி.பி.எஸ் சாட்டிலைட்டுகள் விநாடிக்குச் சுமார் 3.9 கி.மீ வேகத்தில் சுற்றுகின்றன. அவற்றில் ஒன்று 3 விநாடி நின்றாலே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்து 11 கி.மீ-க்கும் மேல் பின்தங்கிவிடும். அதை நம்பி வழி காட்டும் மேப் நம்மைக் கோயிலில் கொண்டுபோய் விடாது, வேறு எங்காவது வயல்காட்டில்தான் விடும்.

'நிற்காது, செயலிழந்துபோகும்' என்று வேறொரு வெர்ஷனும் உண்டு. அதற்கும் பதில் கையிலேயே இருக்கிறது. மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டு, திருநள்ளாறு என்று தேடிப் பாருங்க. கோயிலும் நளதீர்த்தக் குளமும் பளிச்சென்று தெரியும். மேலே வந்ததும் கேமரா செத்துப்போயிருந்தால் அந்தப் படத்தை யார் எடுத்தது?

கருநீலக் கதிர்? சனி கிரகம் நம் கண்ணுக்குத் தெரிவது சூரிய ஒளியை அது பிரதிபலிப்பதால். அதன் நிறம் வெளிர் மஞ்சள். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் சனியும் தினமும் உதித்து மறைகிறது. நாளின் பாதி நேரம் அது திருநள்ளாற்றின் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அப்போது கதிர் எந்த வழியாக வந்து விழும்?

அப்புறம் ஏன் நம்பினோம்?

ஏனென்றால், அந்த வீடியோ ஆவணப்படத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. அதில் நான்கு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, இடம் நிஜம். தர்ப்பாரண்யேஸ்வரர் கோயில் நிஜம், சனீஸ்வரர் சந்நிதி நிஜம், குளத்தில் குளிக்கும் கூட்டமும் நிஜம். பாதி உண்மையாக இருப்பதால் மீதிப் பாதியையும் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுகிறோம்.

இரண்டு, துல்லியமான எண். 'கொஞ்ச நேரம் நிற்கும்' என்று சொன்னால் சிரித்திருப்போம். '3 விநாடி' என்றதும் யாரோ ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்ததுபோலத் தோன்றுகிறது.

மூன்று, பெயரில்லாத பெரிய மனிதர். 'நாசா விஞ்ஞானிகள்' என்கிறார்களே தவிர, எந்த விஞ்ஞானி, எந்த வருடம், எந்த சாட்டிலைட் என்று ஒருபோதும் வருவதில்லை. நாசாவின் காசினி விண்கலம் 2004-ல் இருந்து 2017 செப்டம்பர் 15 வரை சனி கிரகத்தையே சுற்றி ஆராய்ந்தது. அந்த நிஜ ஆராய்ச்சிக்குப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, எடுத்த படங்கள் எல்லாம் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. பொய்க்கு மட்டும்தான் முகவரி இல்லை.

நான்கு, குரலும் மியூசிக்கும். அதே வரிகளை மியூட் போட்டு சப்டைட்டிலாக மட்டும் படித்துப் பாருங்க. பாதி மிரட்டல் அங்கேயே இறங்கிவிடும்.

நாடகத்துக்கு ஒரு நியாயம், ஆவணப்படத்துக்கு வேறு நியாயம்

'அப்போ திருவிளையாடல் படத்துல சிவன் நேர்ல வர்றாரே, அதையும் தப்புன்னு சொல்லுவீங்களா?' என்றால், இல்லவே இல்லை. 1965-ல் வந்த அந்தப் படம் புராணக் கதை சொல்கிறேன் என்று நம்மிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. நாமும் சம்மதித்துத்தான் உட்காருகிறோம். கதை உலகத்துக்குள் சிவன் வரலாம், பாடலாம், வாதாடலாம். நாம் எதிர்பார்ப்பது அந்த உலகம் தன் விதியைத் தானே மீறக் கூடாது என்பதை மட்டும்தான். ஹீரோ 50 பேரை அடித்தால் விசில் அடிக்கிற நாமே, சீரியலில் தூங்கி எழுந்த அம்மா பட்டுப்புடவையும் ஃபுல் மேக்கப்புமாக வந்தால் கிண்டல் செய்வது அதனால்தான்.

ஆவணப்படம் செய்து தருகிற சத்தியம் வேறு. 'இது நடந்தது, இவர் சொன்னார், இங்கே எடுத்தோம்' என்பதே அதன் சத்தியம். ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' (2022) படத்தில் முதுமலை தெப்பக்காடு முகாம் வருகிறது. யானைக்குட்டி ரகுவும், அதை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் வருகிறார்கள். எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம், விசாரிக்கலாம். அந்த வாய்ப்பைத் திறந்து வைப்பதுதான் நம்பகத்தன்மை.

நடுவில் நிற்பவைதான் சிக்கல்

இந்த இரண்டுக்கும் நடுவில் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று ஒரு ரகம் இருக்கிறது. நாம் அதிகம் ஏமாறுவதும், அதிகம் சண்டை போட்டுக்கொள்வதும் இங்கேதான்.

2021 நவம்பரில் வந்த 'ஜெய்பீம்' படத்தின் வேர், கடலூர் மாவட்டம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு 1993-ல் போலீஸ் சித்ரவதையில் இறந்த வழக்கு. வழக்கை நடத்திய வழக்கறிஞர் சந்துருவும் நிஜ மனிதர், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. ஆனால் நிஜத்தில் ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படமோ இருளர் குடும்பத்தைக் காட்டியது. ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய காலண்டர் பெரிய சர்ச்சையாகி, அந்தப் படத்தையே மாற்ற வேண்டி வந்தது. வழக்கின் உண்மை அப்படியே நிற்கிறது. ஆனால், சுவரில் இருக்கும் ஒரு காலண்டரைக்கூட மக்கள் சாட்சியமாகப் படிக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

'ராக்கெட்ரி' (2022) இன்னொரு உதாரணம். நம்பி நாராயணன் மீது போடப்பட்ட உளவு வழக்கு பொய் என்பது நிரூபணமான விஷயம். அவரைக் கைது செய்தது தேவையற்றது என்று சொல்லி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம் (2018). ஆனால், படத்தில் அவருடைய தொழில்நுட்பப் பங்களிப்பு பற்றி வரும் பல தகவல்கள் தவறு என்று இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானிகள் சிலர் 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் பிரஸ் மீட் வைத்தே சொன்னார்கள். ஆக, ஒரே படத்தில் ஒரு பகுதிக்குத் தீர்ப்பு இருக்கிறது, இன்னொரு பகுதி விவாதத்தில் இருக்கிறது. 'முழுசா நம்புறேன்', 'முழுசா பொய்' என்ற இரண்டே பட்டன்களை வைத்துக்கொண்டு இந்த மாதிரிப் படங்களைப் பார்க்க முடியாது.

நம்பினா என்ன நஷ்டம்?

'சாமி விஷயம்தானே, நம்பிட்டுப் போகட்டும்' என்று தோன்றலாம். ஆனால், நஷ்டம் பெரும்பாலும் பக்தர்களுக்குத்தான். 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று சேனல்களும் ரீல்ஸும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. அது திருக்கணிதப் பஞ்சாங்கப்படியான தேதி. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். 'இங்கே சனிப்பெயர்ச்சி விழா 2026-ல்தான்' என்று கோயில் நிர்வாகமே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ரீல்ஸை நம்பி லீவு போட்டு, டிக்கெட் எடுத்தவர்களின் நிலையை யோசிச்சுப் பாருங்க. அதே 2025-ல், கோயில் பெயரில் போலி இணையதளம் வைத்துப் பணம் வசூலித்த புகாரில் காரைக்கால் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. கோபுரத்தின் போட்டோவும் நம்பிக்கையான வாசகங்களும் இருந்தால் போதும், பணம் அனுப்பிவிடுவோம் என்று மோசடிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு நாசா சர்டிபிகேட் தேவையே இல்லை. நளன் சனியின் பிடியில் இருந்து விடுபட்ட கதை இருக்கிறது. மதுரையில் நடந்த அனல் வாதத்தில், திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏட்டைச் சம்பந்தர் தீயில் இட, அது எரியாமல் பச்சையாகவே இருந்ததாகச் சொல்லும் வரலாறு இருக்கிறது. 'பச்சைப் பதிகம்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். நள்ளாற்றின் பழைய கதையே 'சோதித்துப் பார்' என்று நெருப்பில் இறங்கிய கதை. அந்த ஊர் பெயரில் சோதிக்கவே முடியாத ஒரு ஃபார்வர்டு சுற்றுவதுதான் வேடிக்கை.

ஷேர் பட்டனுக்கு முன்னால் 4 கேள்விகள்

• இது கதையா, ஆவணமா, தழுவலா? டைட்டில் கார்டில் என்ன சொல்கிறார்கள்?

• சொல்பவருக்குப் பெயர் இருக்கிறதா? 'விஞ்ஞானிகள்', 'ஆய்வில்' என்று மட்டும் இருந்தால் உஷார்.

• இது உண்மையாக இருந்தால் வேறு எங்கே தெரிய வேண்டும்? (சாட்டிலைட் நின்றால் மேப் குழம்ப வேண்டும் என்பதுபோல.)

• மியூசிக்கை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது?

அடுத்த தடவை பெரியப்பா குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டால், 'மூடநம்பிக்கை' என்று பதில் போட வேண்டாம். அவர் சனீஸ்வரரைக் கும்பிடுவதில் நமக்கு ஒரு பிரச்னையும் இல்லை. கோயிலின் சாட்டிலைட் படத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, 'பெரியப்பா, மேல இருந்து நளதீர்த்தம் எவ்ளோ அழகா தெரியுது பாருங்க' என்று அனுப்புங்க. நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' ஆப்பில், விண்வெளி நிலையம் உங்க ஊருக்கு மேலே எப்போது வரும் என்ற நேரமும் கிடைக்கும். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று இரண்டு பேருமாகப் பாருங்க. அது நிற்காமல் போவது வெறும் கண்ணுக்கே தெரியும்.