அடுக்களையில் அயல்நாட்டுச் சுவை

பிற நாட்டு உணவுகளை நம் வீட்டிலேயே எளிய முறையில் சமைப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சமையலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தகுதி இரண்டு உண்டு. ஓய்வு பெற்ற பின், வாரத்தில் சில நாள்கள் எங்கள் வீட்டு அடுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. இது முதலாவது. உணவு தொடர்பாக நான் செய்த பிழை ஒன்று உண்டு; அது இரண்டாவது. அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாழும் அவிநாசி திருப்பூருக்கு அருகில் உள்ள ஊர். பனியன் தொழிலை நாடிப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் இப்பகுதியில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் படிக்கின்றனர். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், பீகாரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். ஒரு நாள் நண்பகல் உணவு வேளையில் நான் சுற்றி வந்தபோது, அவன் தன் டப்பாவைத் திறந்து உண்டுகொண்டிருந்தான். மஞ்சள் நிறத்தில் குழைந்த சோறு அதில் இருந்தது. நான் அன்போடுதான் கேட்டேன்: “தம்பி, உடம்பு சரியில்லையா? கஞ்சி கொண்டு வந்திருக்கிறாயே!” அருகிலிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டனர். மறுநாளிலிருந்து அவன் உணவு கொண்டு வருவதையே நிறுத்திவிட்டான்.

அவன் உண்டது கிச்சடி என்பதும், அது அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்தது என்பதும் எனக்குச் சில நாள் கழித்தே தெரிந்தன. அவ்வாறாயின் அது யாது? கொங்கு நாட்டில் நாம் தலைமுறை தலைமுறையாக உண்டு வரும் அரிசியும்பருப்புச் சோறுதானே! அன்று காலை என் வீட்டில் செய்ததும் அதுவே. என் தட்டில் இருந்தபோது உணவாகத் தோன்றியது, அவன் டப்பாவில் இருந்தபோது நோயாளியின் கஞ்சியாக எனக்குத் தோன்றிவிட்டது. ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடங்களுள் ஒன்று, ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது. வகுப்பறையில் அதைப் பல்லாண்டுகள் கடைப்பிடித்தேன். உணவு வேளையில் மறந்துவிட்டேன். அயல்நாட்டுச் சமையலுக்கும் இந்த விதியே சிறந்த வழிகாட்டி என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

ஆகவே நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். அரிசியும்பருப்பு செய்யும் முறை இது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊறவைக்கிறோம். எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, கைப்பிடி சின்ன வெங்காயமும் ஏழெட்டுப் பூண்டுப் பற்களும் சேர்த்து வதக்குகிறோம். மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கொதித்ததும், அரிசியையும் பருப்பையும் இட்டுக் குழைய வேகவிடுகிறோம். நெய் ஊற்றி உண்கிறோம், தயிரும் தொட்டுக்கொள்கிறோம்.

இதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. தானியமும் பருப்பும் எந்த அளவில் சேர்கின்றன, அவை குழைய வேண்டுமா, உதிரியாக நிற்க வேண்டுமா என்பது ஒன்று. மணம் எந்தக் கட்டத்தில், எதனால் ஊட்டப்படுகிறது என்பது இரண்டு. உடன் வைத்துக்கொள்ளும் புளிப்போ கொழுப்போ எது என்பது மூன்று. எந்த நாட்டுச் சோறாயினும் இம்மூன்று வினாக்களை எழுப்பி விடை கண்டுவிட்டால், அதைச் சமைப்பது அரிதன்று.

அரிசியும் பருப்பும் ஏன் இணைந்தன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல சேர்ந்து அமைவது. லைசின் என்னும் அமினோ அமிலம் அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு. அரிசியில் போதிய அளவு உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. இந்த வேதியியலை அறியாமலே, பல நாட்டு மக்கள் தங்கள் பட்டறிவினால் இவ்விணைப்பைக் கண்டுகொண்டனர். இறைச்சி வாங்க இயலாத வீடுகளில் இது உழைப்பவரின் உணவாயிற்று.

இனி, தெரியாததற்குச் செல்வோம். முதற்பயணம் அரபு நாடுகளுக்கு. லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளில் ‘முஜத்தரா’ என்னும் உணவு உண்டு. அம்மை வடு உடையது என்பது அப்பெயரின் பொருள். வெண்மையான சோற்றிடையே பழுப்பு நிறப் பருப்புகள் புள்ளி புள்ளியாகத் தோன்றுவதால் அப்பெயர் வந்தது. பாக்தாத்தில் 1226-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சமையல் நூல் ஒன்றிலேயே இதன் செய்முறை காணப்படுகிறது.

தேவையானவை: பச்சரிசி ஒரு டம்ளர், தோல் நீக்காத முழு மைசூர்ப்பருப்பு முக்கால் டம்ளர், பெரிய வெங்காயம் நான்கு, சீரகம், மிளகுத்தூள், உப்பு, எண்ணெய். முழு மைசூர்ப்பருப்பு வடமாநிலத்தவர் பொருள் வாங்கும் மளிகைக் கடைகளில் கிடைக்கும். பருப்பை முதலில் தனியே வேகவையுங்கள். நசுக்கினால் நசுங்க வேண்டும். ஆனால் உருக்குலையக் கூடாது. இருபது நிமிடம் பெரும்பாலும் போதும். அரிசியைக் கழுவிக் கால் மணி நேரம் ஊறவையுங்கள். வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்து, சற்றுத் தாராளமான எண்ணெயில், நடுத்தரத் தீயில் வதக்குங்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அத்தண்ணீர் உள்ளவரையில் அதன் வெப்பம் 100 பாகை செல்சியசைத் தாண்டாது; வெங்காயம் வேகுமேயன்றிச் சிவக்காது. தண்ணீர் வற்றிய பிறகே வெப்பம் ஏறி, 140 பாகையை நெருங்கும்போது, அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் புது மணமும் பிறக்கின்றன. இதற்கு இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். தீயைக் கூட்டி விரைவுபடுத்தினால் ஓரம் கருகும். நடு பச்சையாக இருக்கும். நன்கு சிவந்ததும் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மீதியோடு சீரகம், வடித்த அரிசி, வெந்த பருப்பு, உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து, கொதித்ததும் மூடிச் சிறுதீயில் பதினைந்து நிமிடம் வைத்து இறக்குங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து மிளகுத்தூள் தூவி, எடுத்து வைத்த வெங்காயத்தை மேலே பரப்புங்கள். அரபு நாட்டவர் இதனோடு தயிரையும் வெள்ளரிக்காயையும் சேர்த்து உண்கின்றனர்.

நம் மூன்று வினாக்களை இங்கே எழுப்பிப் பாருங்கள். நம்முடையது குழைவு, இது உதிரி. நம் மணம் தாளிப்பில் பிறப்பது. இதன் மணம் வெங்காயத்தின் சிவப்பில் பிறப்பது. தொட்டுக்கொள்ளும் தயிரோ இரண்டுக்கும் பொது. மிளகாய் ஒன்றுகூட இல்லாமல் இத்துணைச் சுவையா என்று முதல் முறை உண்டபோது நான் வியந்தேன்.

இரண்டாம் பயணம் இன்னும் தொலைவு. அமெரிக்கக் கண்டத்தின் அருகே, கரீபியக் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு இருக்கிறது. அங்கே விழா நாள்களில் பெரிதும் விரும்பி உண்ணும் சோறு எதனோடு சேர்த்துச் சமைக்கப்படுகிறது தெரியுமா? நம் துவரையோடுதான். துவரையின் தாயகம் இந்தியா. அது இங்கிருந்து ஆப்பிரிக்கா சென்றது; ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களின் காலத்தில் கரீபியத் தீவுகளை அடைந்தது. ஊரையும் உறவையும் இழந்த மக்கள் ஒரு பயற்றையாவது இழக்காமல் காத்துக்கொண்டனர்.

பொங்கலை ஒட்டிப் பச்சைத் துவரங்காய் சந்தைக்கு வரும்போது இதைச் செய்து பாருங்கள். உரித்த பச்சைத் துவரை முக்கால் டம்ளர் எடுத்து முதலில் வேகவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெங்காயம், ஒரு குடைமிளகாய், ஐந்து பூண்டுப் பற்கள், ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரையுங்கள். இவ்விழுதை எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கி, ஒரு தக்காளியை அரிந்து சேர்த்து, எண்ணெய் பிரிந்ததும் ஒரு டம்ளர் அரிசி, துவரை, உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி வேகவையுங்கள். அந்நாட்டவர் பன்றி இறைச்சியும், நிறம் தரும் விதை ஒன்றும் சேர்ப்பர். இறைச்சி இல்லாமலும் இது சுவைக்கும். நிறத்துக்குச் சிறிது மஞ்சள்தூள் சேர்க்கலாம். மணம் வேறாகும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

நம் துவரை அங்கே சென்றது. அங்கிருந்து நமக்கு வந்தது என்ன? மிளகாய். தென் அமெரிக்கா முதலிய பகுதிகளுக்கு உரிய அது, கொலம்பசு 1492-இல் கரீபியத் தீவுகளை அடைந்த பிறகு, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்குமுன் நம் உணவில் காரம் தந்தது மிளகு. மிளகு போலக் காரமுள்ள காய் ஆதலின் மிளகாய் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அவர்களும் தெரிந்ததிலிருந்தே தெரியாததற்குச் சென்றனர். தக்காளியும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் இவ்வாறே வந்தவை. நம் சாம்பாரிலும் சட்டினியிலும் ஓர் அயல்நாடு என்றோ குடிபுகுந்துவிட்டது.

கிச்சடியும் இவ்வாறு ஊர் சுற்றியதே. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தபோது, பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்துச் சமைத்து நெய்யோடு காலையில் உண்ணும் வழக்கத்தைக் கண்டு எழுதிவைத்தார். பின்னாளில் ஆங்கிலேயர் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, பருப்பை விட்டு மீனையும் முட்டையையும் சேர்த்துக் ‘கெட்ஜரி’ ஆக்கிக்கொண்டனர்.

சமைக்கத் தொடங்குவோருக்குச் சில அறிவுரைகள் கூறுகிறேன். முதல் முறை செய்யும்போது செய்முறையை அப்படியே பின்பற்றுங்கள். நம் மிளகாயையும் கறிவேப்பிலையையும் உடனே சேர்த்துவிடாதீர்கள். பிறர் மொழியைக் கற்கும்போது அவர்கள் உச்சரிப்பை முதலில் கேட்பதைப் போன்றது இது. இரண்டாம் முறை உங்கள் விருப்பம்போல் மாற்றலாம். சோறு மிகுந்தால் அறையில் நெடுநேரம் வைக்காமல் விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெந்த சோற்றிலும் நச்சு உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். ராஜ்மா எனப்படும் சிவப்புப் பயற்றைக் கொண்டு சமைப்பதாயின், இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடமேனும் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பின் மெத்தென்று வேகும்வரை சமையுங்கள், அரைவேக்காடு நஞ்சாகும். இன்னொன்று: சமையல் பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணும் மாணவன், விடுதியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தன் அறியாமைக்கு விலை கொடுப்பான்.

இனி, அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். செய்தியை உணர்ந்த மறுநாள், நான் வீட்டிலிருந்து அரிசியும்பருப்பு கொண்டு சென்று, அவனை அருகில் அழைத்து அமர்ந்து, அவனுக்கும் பங்கிட்டு உண்டேன். அவன் இரண்டு வாய் உண்டபின் மெல்லச் சொன்னான்: தை முதல் நாளை ஒட்டி நாம் பொங்கல் கொண்டாடும் வேளையில், அவர்கள் ஊரில் சங்கராந்தி கொண்டாடுவார்களாம், அன்று வீடுதோறும் கிச்சடிதானாம். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த நம் வெண்பொங்கலை நினைத்துக்கொண்டேன். அன்று மாலை வணக்கக் கூட்டத்தில், நான் கேட்ட கேள்வி தவறானது என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே கூறினேன்.

அடுத்த வாரம் அவன் மீண்டும் டப்பா கொண்டு வந்தான். ஆயினும் மூடியை முழுதும் திறந்து வைத்து உண்ண அவனுக்கு மேலும் பல நாள்கள் ஆயின. ஒரு சொல்லால் மூடியதைத் திறக்க ஒரு சொல் போதாது போலும்.

மாணவ நண்பர்களே, அயல்நாட்டு உணவைச் சமைக்கக் கற்பதால் நாவுக்குச் சுவை கிடைக்கும். உடலுக்கு நலம் கிடைக்கும். இவற்றோடு, பக்கத்து இருக்கையில் திறக்கும் டப்பாவைப் பார்த்து, “இது என்ன?” என்று முகம் சுளித்துக் கேளாமல், “இதை எப்படிச் செய்வது?” என்று ஆர்வத்தோடு கேட்கும் பழக்கமும் வாய்க்குமாயின், அதுவே பெரும் பயன். அந்தக் கேள்வியை நான் காலந்தாழ்த்திக் கற்றேன். நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.