தொலைந்த தோட்டைத் தேடும் விஞ்ஞானம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு ஒரு ஜோடித் தோடாகிறது. சறுக்குமரத்தடியில் அதன் திருகாணி கழன்று விழ ஒரு நொடி போதும். உடனே பத்துப் பேர் கூடிப் புல்லைக் காலால் கிளறுவார்கள். கிளறக் கிளறப் பொருள் மண்ணுக்குள் இறங்குமேயன்றி வெளியே வராது. இந்த இடத்தில்தான் இயற்பியல் நமக்குக் கைகொடுக்கிறது. மெட்டல் டிடெக்டர் என்று நாம் சொல்லும் உலோகங்காணியைக் கொண்டு திடலிலும் பூங்காவிலும் முறையாகத் தேடுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

கருவியின் தத்துவம்

நாம் வகுப்பில் படிக்கும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இதற்கும் அடிப்படை. கருவியின் அடிப்பகுதியில் உள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறும் காந்தப்புலம் ஒன்று மண்ணுக்குள் பரவுகிறது. அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. அவ்வோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதைச் சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. பொருள் மண்ணுக்குள் இருந்தாலும் அதன் குரல் நம் காதுக்கு வந்துவிடுகிறது.

இக்கருவியின் வரலாறு சுவையானது. 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்துகொண்டு போனார். குண்டு இருந்த இடம் புலப்படவில்லை. படுக்கையின் எஃகுக் கம்பிகள் குழப்பியதும், மருத்துவர்கள் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்கவிட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி கோசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி காணும் கருவி, 1942இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. பெல்லின் அனுபவம் நமக்கும் ஒரு பாடம்: சுற்றிலும் வேறு உலோகம் இருக்கும் இடத்தில் கருவியை மட்டும் நம்பிப் பயனில்லை, தேடுகிற முறையும் வேண்டும்.

அளந்து தேடுக

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. திடலில் தேடினாலும் அளந்துதான் தேட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திடலின் நீளம் 100 மீட்டர், அகலம் 60 மீட்டர். கருவியை ஒரு மீட்டர் அகலத்துக்கு வீசி, ஒவ்வொரு வீச்சுக்கும் 10 சென்டிமீட்டர் முன்னேறினால், மொத்தம் 60,000 வீச்சுகள் ஆகின்றன. வீச்சுக்கு 2 வினாடி என்றாலும் 33 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்! அதே தேடலைப் பத்து மீட்டர்ச் சதுரத்துக்குள் சுருக்கிவிட்டால் 33 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை விசாரணைதான். குழந்தை எங்கே ஓடியது, எங்கே விழுந்தது, எந்த மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். ஊஞ்சலின் கீழ், சறுக்குமரத்தின் அடி, கோல் கம்பத்தின் அருகு, சிமெண்டு பெஞ்சைச் சுற்றிய இடம் ஆகியவை பொருள்கள் விழும் இடங்கள். ஊஞ்சலும் கம்பமும் இரும்பானால் அவற்றினருகில் கருவியின் உணர்திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, நாற்றங்காலுக்குப் பாத்தி பிரிப்பதுபோல, கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். சுருளைத் தரைக்கு இணையாக, தரையை ஒட்டினாற்போல், நிதானமாக வீச வேண்டும். பலர் வீச்சின் இரு முனையிலும் கருவியை மேலே தூக்கிவிடுகிறார்கள். முனைகளில் இருக்கும் பொருள் அதனால் தப்பிவிடுகிறது. உலோகத்தின் ஆழம் இருமடங்கானால் திரும்பி வரும் குறிப்பு ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதை நினைவில் வைத்தால், தரையை விட்டுச் சுருளை உயர்த்த மனம் வராது.

ஒலி கேட்டதும் அதே இடத்தில் குறுக்காக மறுபடியும் வீச வேண்டும். இரு வீச்சுகளும் பெருக்கல் குறிபோல வெட்டும் புள்ளியில் பொருள் இருக்கும்.

ஒலியின் பொருள்

நண்பர்களுடன் உரிய அனுமதி பெற்று மன்னையில் ஒரு திடலில் தேடியபோது எனக்கு அதிகம் கிடைத்தவை சோடா மூடிகளும் ஆணிகளும் மாத்திரை அட்டைத் தாள்களுமே. இரும்பை ஒதுக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆனால் நம் நாட்டு எஃகு ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டுவது. இரும்பை ஒதுக்கினால் அதுவும் ஒதுங்கிப் போகக்கூடும். மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தரும். ஆகவே தோட்டைத் தேடுபவர் நூறு தாள்களைத் தோண்டச் சலிக்கலாகாது.

நம் வண்டல் மண்ணுக்குத் தனிக் குணம் உண்டு. கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் விழுந்த பொருள் ஆழத்துக்குப் போய்விடும். சிறு மழை பெய்து மண் இளகியபின் தேடுவது நல்லது. தோண்டும்போது களைக்கொட்டால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, புல்லோடு மண்ணைப் பெட்டி மூடிபோலத் திருப்ப வேண்டும். எடுத்த மண்ணைச் சாக்கின்மேல் கொட்டித் தேடி, பின் அதே குழியில் இட்டு மிதித்துவிட வேண்டும். மறுநாள் அங்கே ஓடப்போகும் சிறுவனின் கால் குழியில் மடங்கக் கூடாதல்லவா! வெடிபொருள்போல ஏதேனும் தெரிந்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

தேடக்கூடாத இடம்

மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். நம் டெல்டா மண் வெறும் மண்ணன்று. சோழர் செப்புக்காசும் செப்புத்திருமேனியும் உறங்கும் மண். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது, இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும் தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன.

நம் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரின் கதை வேறு. 1976இல் சிதைந்த கோயில் அருகே மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், அரசுக்குத் தெரிவிக்கப்படாமல் கைமாறி இலண்டன் வரை போனார். ஆங்கில நீதிமன்றத்தில் கோயிலின் சிவலிங்கமே ஒரு தரப்பாக நின்று வழக்காடி, 1991இல் அவரை மீட்டது. அவ்வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமுங்கூட நிபுணர்களால் ஆராயப்பட்டன. கழுவித் துடைக்கப்பட்ட பொருளுக்கு விலையுண்டு, வரலாறு இல்லை. மண்ணோடு இருக்கும்போதுதான் அது சாட்சி சொல்லும்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. முறைப்படி தெரிவித்தவருக்குப் பங்கு தரவும் அச்சட்டமே வழி சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றித் தோண்டுவதோ அறவே கூடாது.

எனவே, மாணவத் தோழர்களே! அனுமதி பெற்ற திடலில், நேற்று விழுந்த பொருளைத் தேடுங்கள். பழமையானது என்று ஐயம் எழுந்தால் தோண்டுவதை நிறுத்தி, மண்ணை அப்படியே மூடி, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். தோட்டை இழந்த தாயின் கையில் அதைத் திருப்பிக் கொடுப்பதும், முன்னோர் வைத்ததை வைத்த இடத்திலேயே அறிஞர் வரும்வரை காப்பதும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள். அந்த நேர்மையோடு கையாண்டால் உலோகங்காணி ஊருக்கு உதவும் கருவியாக விளங்கும்.