பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எதற்கு?

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் குரல் கேட்ட காலத்தில், வீட்டுக்கு வேண்டாத பொருளை விற்பது வாசற்படியிலேயே முடிந்துவிடும் காரியமாக இருந்தது. பொருளும் கண்ணெதிரே இருக்கும். வாங்குபவரும் கண்ணெதிரே நிற்பார். பேரம் படிந்து, பணம் கைக்கு வந்த பிறகே பொருள் படி இறங்கும்.

இன்றைய நிலை வேறு. கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம், பிள்ளைகளின் மிதிவண்டி என எதுவாயினும், செல்பேசியில் படம் எடுத்து இணையச் சந்தையில் போட்டுவிட்டால் போதும்; ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் விலை கேட்கிறார்கள். தெருவியாபாரி கொடுப்பதைக் காட்டிலும் நல்ல விலையும் கிடைக்கிறது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், வாங்குபவரின் முகம் மறைந்துபோயிற்று. மோசடிக்காரர்களுக்கு அந்த மறைவே மூலதனம்.

பொருள் வாங்கப் பணம் கொடுப்பவர் ஏமாறுவது புரிகிறது. பணம் பெற வேண்டியவரே பணத்தைப் பறிகொடுப்பது எப்படி? வாசக சகோதர சகோதரிகள் இதைச் சற்றுப் பொறுமையுடன் படித்தறிய வேண்டும்.

வலை விரிக்கும் விதம்

ஓர் இல்லத்தரசி, தம் தையல் இயந்திரத்தை 8,000 ரூபாய்க்கு விற்பதாக விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணம் வேண்டும். விளம்பரம் வெளியான சிறிது நேரத்திலேயே ஓர் அழைப்பு வருகிறது. மறுமுனையில் பேசுபவர் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்கவில்லை. ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், இடமாற்றம் ஆகியிருப்பதால் நேரில் வர இயலாதென்றும், ஆள் வந்து பொருளை எடுத்துக்கொள்வார் என்றும், பணத்தை இப்போதே அனுப்பிவிடுவதாகவும் கூறுகிறார். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையின் படமும் வந்து சேருகின்றன. அவை வேறு யாரோ ஒரு வீரரிடமிருந்து திருடப்பட்டவையாகவோ, போலியாகத் தயாரிக்கப்பட்டவையாகவோ இருக்கும் என்பதை அந்த அம்மையார் எப்படி அறிவார்?

'முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கிறேன்' என்கிறார் அவர். ஒரு ரூபாய் உண்மையாகவே வருகிறது. நம்பிக்கை பிறக்கிறது. அடுத்து கட்டங்கட்டமான கியூ.ஆர். கோடு ஒன்று வருகிறது. 'இதை ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய எண்ணை அழுத்துங்கள். 8,000 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறிவிடும்' என்கிறார். அம்மையார் அழுத்துகிறார். 8,000 ரூபாய் ஏறவில்லை, இறங்கிவிடுகிறது! பதறிக் கேட்டால், 'ஏதோ பிழை நேர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்; இன்னொரு முறை அழுத்துங்கள்' என்று பதில் வருகிறது. போன பணத்தை மீட்கும் ஆவலில் மறுபடியும் அழுத்துகிறார். பிறகு அந்த எண்ணில் பதில் இல்லை.

நினைவில் நிறுத்த வேண்டிய ஒரே விதி

யூ.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை 2016-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதனை நடத்துகிறது. இம்முறையில் நாம் அழுத்தும் 4 அல்லது 6 இலக்க ரகசிய எண், காசோலையில் நாம் இடும் கையெழுத்துக்குச் சமம். பணம் கொடுப்பவர்தாமே காசோலையில் கையெழுத்திடுவார்? நமக்கு வர வேண்டிய பணத்துக்கு நம் கையெழுத்தைக் கேட்பவன் யாராக இருப்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே, பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பிறர் அனுப்பும் கோட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. நம் கோட்டையோ யூ.பி.ஐ. முகவரியையோ அவருக்குக் கொடுத்தால் போதும். இந்த ஒன்றை வீட்டிலுள்ள பெரியவர் முதல் சிறியவர் வரை அனைவரும் மனத்தில் பதித்துக்கொண்டால், பாதி ஆபத்து நீங்கிவிடும்.

தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் 'பணம் கொடு' எனக் கோரிக்கை அனுப்பும் வசதி, இத்தகைய மோசடிகளுக்கு வழியானதால் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான். ஆயினும் கியூ.ஆர். கோடு வழியேயான ஏமாற்று அதனால் ஒழிந்துவிடவில்லை.

மாறி வரும் வேடங்கள்

மோசடிக்காரர்கள் ஒரே வேடத்தில் வருவதில்லை. கவனிக்க வேண்டியவை சில:

'2,000 ரூபாய்க்குப் பதிலாகத் தவறுதலாக 20,000 அனுப்பிவிட்டேன். மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று ஒருவர் கெஞ்சுவார். வங்கியிலிருந்து வந்ததுபோலவே குறுஞ்செய்தியும் இருக்கும். அது போலி. குறுஞ்செய்தியை நம்பாமல், வங்கிக் கணக்கின் இருப்பைத் திறந்து பாருங்கள்.

'பணம் செலுத்தப்பட்டது' என்று காட்டும் படத்தை அனுப்பிவிட்டுப் பொருளைக் கேட்பார்கள். நேரில் வந்து, போலிச் செயலியில் பச்சை நிற அடையாளத்தைக் காட்டுபவர்களும் உண்டு. அவர் செல்பேசியில் தெரிவது சான்றாகாது. நம் கணக்கில் ஏறியிருப்பதே சான்று.

'கூரியர் நிறுவனம் உங்கள் பணத்தை வைத்திருக்கிறது. இந்த இணைப்பைத் தொட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று இணைப்பு வரும். அதில் வங்கி அட்டை எண்ணையும், அட்டையின் பின்புற மூன்று இலக்க எண்ணையும், ஓ.டி.பி.யையும் கேட்பார்கள். தொடவே வேண்டாம்.

'உதவி செய்கிறேன்' எனக் கூறி, நம் செல்பேசித் திரையை அவர்கள் பார்க்க வழிசெய்யும் செயலியை நிறுவச் சொல்வார்கள். இத்தகைய செயலிகள் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. பணம் உண்மையாகவே வந்துவிடும், பொருளும் போய்விடும். சில நாட்கள் கழித்து நம் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். காரணம், அந்தப் பணம் வேறொருவரிடமிருந்து திருடப்பட்டு நம் கணக்குக்கு அனுப்பப்பட்டது. எனவே, வாங்குபவரின் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு பெயராயின் காரணம் கேளுங்கள். உரையாடல், ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள்.

விற்குமுன் செய்ய வேண்டியவை

வாங்குபவர் நேரில் வந்து பொருளைப் பார்க்கட்டும். ஆண் துணையில்லாத நேரத்தில் அந்நியரை வீட்டுக்கு வரவழைக்காமல், பகல் பொழுதில் மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்திப்பது நலம். கணவர் வெளிநாட்டில் இருப்பதையோ, வீட்டில் தனியாக இருப்பதையோ தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். பொருளின் குறையை நாமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நேர்மை இரு பக்கமும் இருக்க வேண்டியதுதானே!

செல்பேசியை விற்பதாயின், சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்துக் கொடுங்கள். குடும்பப் படங்கள் அந்நியர் கைக்குப் போகலாகாது.

இருசக்கர வாகனமோ காரோ விற்றால், சாவியையும் பதிவுப் புத்தகத்தையும் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிடாது. படிவம் 29, 30 ஆகியவற்றின் வழியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் நடந்தாக வேண்டும். பெயர் மாறாத வாகனம் விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பணம் போய்விட்டால்

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். காவல் துறையையும் வங்கிகளையும் இணைக்கும் ஏற்பாடு இது. திருடியவன் பணத்தை எடுத்துவிடுமுன் அதை இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நேரம் கடக்கக் கடக்க அவ்வாய்ப்பும் குறைந்துவிடும். அடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்தவருக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்தது. தாமதிக்காமல் சொல்வதன் பயன் இதிலிருந்தே விளங்கும். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தைப் பறிகொடுத்த பெண்ணோ, பிள்ளையோ, வயதான தாயாரோ முதலில் அஞ்சுவது திருடனுக்கன்று, வீட்டாரின் ஏச்சுக்குத்தான். 'படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?' என்ற கேள்விக்குப் பயந்து, மாலை வரை வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனம் திருடனுக்குக் கிடைத்த அவகாசம். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட இவ்வலையில் விழுகிறார்கள்; விழுந்தவர் குற்றவாளி அல்லர். உங்கள் வீட்டில் யாரேனும் நடுங்கும் குரலில் இச்செய்தியைச் சொன்னால், 'ஏன் செய்தாய்?' என்று கேட்காதீர்கள். 'பரவாயில்லை, முதலில் 1930-க்குப் பேசுவோம்' என்று சொல்லுங்கள். இன்றிரவு உணவுக்கு அமரும்போதே வீட்டார் அனைவரிடமும் இதைப் பேசிவையுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வையுங்கள்.