மூடப்பட்ட பள்ளியும் ஊரின் உரிமையும்: கியோட்டோ நகரத் தொடக்கப்பள்ளிக் கட்டடங்களின் மறுபயன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்படும் பழமையான பள்ளிக் கட்டடங்களுக்குப் புதிய பயன் காண்பது இன்று பல நாடுகளும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். ஜப்பானின் கியோட்டோ நகரில் மூடப்பட்ட ஐந்து தொடக்கப்பள்ளிகள் கலை மையமாகவும் அருங்காட்சியகமாகவும் தங்கும் விடுதியாகவும் மாறிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டடத்தின் வடிவத்தைக் காப்பதோடு மறுபயன்பாடு நிறைவு பெறுவதில்லை. அப்பள்ளி ஊருக்கு ஆற்றிவந்த பொதுக் கடமைகள் புதிய பயன்பாட்டிலும் தொடர்கின்றனவா என்பதே அதன் அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மரபுக் கட்டடம், மறுபயன்பாடு, கியோட்டோ, தொடக்கப்பள்ளி, பொது உரிமை.

முன்னுரை

ஒரு பள்ளி மூடப்பட்டதும் அதன் கட்டடம் சட்டப்படி உள்ளாட்சியின் உடைமையாக எஞ்சுகிறது. இடித்து மனையை விற்கலாம், பூட்டி வைக்கலாம், வேறு பயனுக்கு விடலாம். இம்மூன்றில் எதைத் தேர்ந்தாலும், அக்கட்டடத்தின்மேல் அதனைச் சுற்றி வாழும் மக்களுக்கு உள்ள உரிமை என்ன என்ற வினா எழும். அவ்வினாவைத் தெளிவாக ஆராய்வதற்கு ஏற்ற களமாகக் கியோட்டோ அமைகிறது. அங்குள்ள பழைய தொடக்கப்பள்ளிகளை உருவாக்கியதில் அரசுக்கு இருந்த பங்கைவிடத் தெருமக்களுக்கு இருந்த பங்கு மிகுதியாகும்.

தெருமக்கள் கட்டிய பள்ளிகள்

மெய்ஜி ஆட்சி மாற்றத்தையடுத்துப் பேரரசர் டோக்கியோவுக்குச் சென்றதால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக விளங்கிய கியோட்டோ தன் நிலையை இழந்தது. நகரை மீட்டெடுக்கும் வழியாக மக்கள் கல்வியைத் தேர்ந்தனர். 1869ஆம் ஆண்டில் மட்டும் 64 தொடக்கப்பள்ளிகள் அங்குத் தோன்றின. நாடு முழுமைக்குமான கல்விச் சட்டம் 1872இல்தான் வந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

‘பன்குமி’ எனப்பட்ட ஒவ்வொரு தெருக்கூட்டமும் தனக்கென ஒரு பள்ளியை நிறுவிக்கொண்டது. அரசு தந்த தொகையோடு, அடுப்பு எரியும் வீடுதோறும் பணம் திரட்டப்பட்டது. ‘அடுப்புப் பணம்’ என்னும் பொருள்படவே அது பெயர் பெற்றது. பிள்ளை இல்லாத வீடும் இதில் பங்கேற்றது. இதற்குக் காரணம் உண்டு. அப்பள்ளி பிள்ளைகள் படிக்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. தெருக்கூட்டத்தின் கூட்டமண்டபமும், தீ விபத்தைக் கண்காணிக்கும் கோபுரமும், அம்மைப்பால் குத்தும் இடமும் அதுவேயாயிற்று. ஆகவே தொடக்கம் முதலே அது ஊர்ப் பொதுமன்றத்தின் இயல்பைக் கொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர மையத்தில் வாழ்ந்த குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. பிறப்பு விகிதமும் குறைந்தது. 1990களில் மையப் பகுதிப் பள்ளிகள் பல ஒன்றிணைக்கப்பட்டன. 1920களிலும் 1930களிலும் கான்கிரீட்டால் திருத்தமுறக் கட்டப்பட்ட கட்டடங்கள் வெறுமையாயின. பள்ளிகள் மூடப்பட்டபோதும் பள்ளி எல்லையை அடிப்படையாகக் கொண்ட குடியிருப்போர் அமைப்புகள் கலையவில்லை. கட்டடத்தின் எதிர்காலம் குறித்துப் பேசுவதற்கு உரிய தரப்பாக அவை நின்றன.

பொதுப் பயன்பாடு: மெய்ரின், தட்சுயிக்கே, கைச்சி

மெய்ரின் பள்ளியின் இன்றைய கட்டடம் 1931இல் எழுந்தது. பட்டு வணிகர்கள் நிறைந்த அப்பகுதி மக்களின் நன்கொடை அதற்குத் துணைநின்றது. 1993இல் மூடப்பட்ட இப்பள்ளி, 2000ஆம் ஆண்டில் கியோட்டோ கலை மையமாகத் திறக்கப்பட்டது. வகுப்பறைகள் கலைஞர்களின் பணியறைகளாயின. ஒரே அளவில், தனித்தனி வாயிலோடும் போதிய வெளிச்சத்தோடும் வரிசையாக அமைந்த அறைகள் அப்பணிக்கு இயல்பாகவே பொருந்தின. தளங்களை இணைக்கும் சாய்தளமும் 78 தத்தாமிப் பாய்கள் விரித்த பெருங்கூடமும் மாற்றமின்றிக் காக்கப்பட்டன. பழைய அமைப்போடு பொருந்தும் பயனைத் தேடினால் கட்டடத்தைச் சிதைக்க வேண்டிய தேவை குறையும் என்பதற்கு இது சான்றாகும்.

தட்சுயிக்கே பள்ளி 1995இல் மூடப்பட்டது. கியோட்டோ நகராட்சியும் செய்க்கா பல்கலைக்கழகமும் இணைந்து 2006இல் அதனைப் பன்னாட்டு மங்கா அருங்காட்சியகமாக மாற்றின. மரத்தளம் பதித்த நடைவழிகளின் ஓரமாக ஏறத்தாழ 50,000 படக்கதை நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை எவரும் எடுத்துப் படிக்கலாம். விளையாட்டுத் திடல் புல்வெளியாகிப் படிப்போர் அமரும் இடமாயிற்று. பள்ளியின் வரலாற்றைக் கூறும் நினைவறை ஒன்றும் உள்ளே இடம்பெற்றுள்ளது. எனினும் இது நுழைவுக் கட்டணம் உள்ள இடம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கைச்சி பள்ளியின் மாற்றம் வேறு வகையானது. 1998இல் அது நகரின் பள்ளி வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. 1869இல் தோன்றிய பள்ளிகளின் பாடநூல்களும் ஆவணங்களும் அங்குத் தொகுக்கப்பட்டுள்ளன. ஏனைய பள்ளிகள் மூடப்பட்டாலும் அவற்றின் நினைவுக்கு ஓர் இருப்பிடம் இதனால் கிடைத்தது.

வணிகப் பயன்பாடு: ரிஸ்ஸெய், கியோமிசு

பொது நிறுவனங்களாக மாற்றுவதற்கு எல்லை உண்டு. ஒரு நகரம் எத்தனை அருங்காட்சியகங்களைப் பேண முடியும்? பராமரிப்புச் செலவும் நிலநடுக்கத்தைத் தாங்குமாறு வலுவூட்டும் செலவும் நகராட்சிக்குப் பெருஞ்சுமையாயின. இதனால் தனியாருக்கு நீண்டகால வாடகையில் விடும் வழி விரிந்தது.

ரிஸ்ஸெய் பள்ளி 1993இல் மூடப்பட்டது. ஜப்பானில் திரைப்படம் முதன்முதலாகச் சோதனை முறையில் 1897இல் காட்டப்பட்ட மனையிலேயே இப்பள்ளிக் கட்டடம் பின்னர் எழுந்தது. அத்தொடர்பால், மூடிய பள்ளியினுள் 2013 முதல் 2017 வரை ஒரு சிறு திரையரங்கு இயங்கியது. 2020இல் பழைய கட்டடத்தின் ஒரு பகுதியைக் காத்து, அதனை ஒட்டிப் புதிய கட்டடம் எழுப்பி, தங்கும் விடுதியை உள்ளடக்கிய வளாகமாக மாற்றினர். அவ்வளாகத்தில் நூலகமும் அரங்கமும் பகுதி மக்கள் கூடும் இடமும் திறந்த புல்வெளியும் உள்ளன. 2011இல் மூடப்பட்ட கியோமிசு பள்ளியும் 2020இல் விடுதியாயிற்று. 1933இல் கட்டப்பட்ட அக்கட்டடத்தின் வளைவுச் சாளரங்களும் படிக்கட்டுகளும் பேணப்பட்டுள்ளன.

இம்மாற்றங்களில் முதன்மையானது ஒப்பந்த நிபந்தனையாகும். ஜப்பானில் பள்ளிகள் பேரிடர்க் காலப் புகலிடங்களாகப் பயன்படுபவை. குடியிருப்போர் அமைப்பின் கூட்டங்களுக்கும் பேரிடர்க் காலப் புகலிடத்திற்கும் இடமளிப்பதை நகராட்சி தனியார் நிறுவனங்களுக்கு நிபந்தனையாக விதித்தது. கட்டடத்தோடு அதன் கடமையும் சேர்ந்தே கைமாறியது என இதனைக் கொள்ளலாம்.

மதிப்பீடு

இவ்வைந்தையும் ஒப்பிடும்போது மூன்று கூறுகள் வேறுபடுத்தி நோக்கத்தக்கன: வடிவம், நினைவு, கடமை. வடிவம் காக்கப்படுவதில் விடுதிகள் பொது நிறுவனங்களுக்குக் குறைந்தன அல்ல; நிதிவளம் மிகுந்ததால் சில நுட்பங்களை அவை மேலும் செம்மையாகவே பேணியுள்ளன. நினைவும் ஏதேனும் ஒரு வகையில் எஞ்சுகிறது. வேறுபாடு கடமையில்தான் வெளிப்படுகிறது. கலை மையத்தின் முற்றத்திற்குள் எவரும் நுழையலாம். விடுதியின் அறையாகிவிட்ட வகுப்பறைக்குள், அதில் படித்த முதியவரும் வாடகை செலுத்தியே நுழைய இயலும். பொதுவாக ஒதுக்கப்பட்ட பகுதியின் அளவும், அதனைப் பயன்படுத்தும் உரிமை எழுத்தில் உறுதி செய்யப்பட்டுள்ள தன்மையுமே அவ்விழப்பை ஈடுசெய்யக்கூடியவை. விடுதி என்பதனாலேயே அதனைப் புறக்கணிப்பதும், கட்டடம் பிழைத்தது என்பதனாலேயே அதனைப் போற்றுவதும் முழுமையான மதிப்பீடாகா.

முடிவுரை

மூடப்பட்ட பள்ளிக்குப் புதிய பயன் தேடுவோர் பெரும்பாலும் கட்டடக் கலைச் சிறப்பிலிருந்து தொடங்குகின்றனர். கியோட்டோவின் பட்டறிவு வேறொரு தொடக்கத்தைக் காட்டுகிறது. அக்கட்டடம் யார் தந்த பணத்தில் எழுந்தது? பள்ளி நேரம் முடிந்தபின் அதனை யார், எதற்குப் பயன்படுத்தினர்? இடர் வந்தபோது அங்கு யார் தஞ்சம் புகுந்தனர்? பள்ளிக் கட்டடங்களை ஆவணப்படுத்தும் ஆய்வாளர்கள் அளவுகளோடும் ஒளிப்படங்களோடும் இவ்வினாக்களுக்கான விடைகளையும் பதிவு செய்தல் வேண்டும். கட்டடம் கைமாறும் நாளில் மக்கள் தம் உரிமையை நிலைநாட்டுவதற்கு அப்பதிவுகள் சான்றாக அமையும். அடுப்புதோறும் பணம் தந்தவர்களின் வழிவந்தோர் இன்றும் அப்பள்ளியின் பெயரால் கூடுவதற்கு ஓர் இடம் பெற்றிருப்பதே கியோட்டோ கண்ட மறுபயன்பாட்டின் சாரமாகும்.