தலைக்கு இவ்வளவு

காலை எட்டு மணிக்குச் சூலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எங்கே நின்றாலும் தனியார் பள்ளி மஞ்சள் வேன்தான். தறிக்குடோன் சந்துக்குள்ளும் எப்படியோ வளைந்து நுழைந்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் ஏற ஏற, ஊர் அரசுப் பள்ளியின் பணமும் கொஞ்சம் கிளம்பிவிடுகிறது. இதை யாரும் கவனிப்பதில்லை.

அரசுப் பள்ளிகளின் பராமரிப்பு மானியம் தலைக்கணக்கில் வருவது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 25,000 ரூபாய். 30 அல்லது அதற்குக் கீழே என்றால் 10,000. அதாவது 31 பேர் படிக்கும் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை வேன் ஏறினால் போதும், 15,000 ரூபாய் போயிற்று. கூரை அதேதான். கக்கூஸ் கழுவும் செலவும் அதேதான். சாக்பீஸ் வேண்டுமானால் ஒன்றிரண்டு மிஞ்சலாம்!

ஆசிரியர் கணக்கு இதைவிட மோசம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் மற்றவர் ஐந்தையும் மேய்க்க வேண்டும். அதைப் பார்க்கிற பெற்றோர் அடுத்த ஜூனில் என்ன செய்வார்கள்?

பணம் கொட்டினால் படிப்பு வந்துவிடுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பள்ளியைவிட வீட்டுச் சூழலே பெரிது என்றது 1966இல் வந்த அமெரிக்காவின் கோல்மன் அறிக்கை. ஆந்திராவில் மானியம் வருமென்று தெரிந்ததும் பெற்றோர் தம் செலவைச் சுருக்கிக்கொண்டதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

நம் மாநிலத்திலேயே வேறொரு கணக்கு இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின் 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள். திண்ணையோ கோயில் மண்டபமோ, சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார ஓர் ஆள், அவ்வளவே. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த வகுப்புகளால் வந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அதிகம் வந்ததால் ஏற்றத்தாழ்வும் குறைந்தது. வீட்டுச் சூழல் பெரிதுதான். அது கைவிட்ட இடத்தில் ஓர் ஆளை உட்கார வைக்கத்தானே பணம்? தலைக்கணக்கு நேர்மாறாக, இருக்கிற ஆளையும் எழுப்பி அனுப்புகிறது.

எனக்கு இப்போதெல்லாம் பயம் அந்த வேனைப் பார்த்துத்தான். சேர்க்கைக்காக ஆசிரியர்கள் நோட்டீஸோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். காலைச் சாப்பாடு உண்டு, சீருடை உண்டு, இங்கிலீஷ் மீடியமும் உண்டு என்று அடுக்குகிறார்கள். புருசன் தறியில், தான் மில் ஷிப்டில் என்று ஓடுகிற அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்கிறார்:

“ஏனுங்க டீச்சர், வேன் வருங்களா?”